வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

(கோவையில் கார் வைத்திருப்போருக்காக ஒரு ஞாயிறு மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



“கியர் ஆயிலுக்கென்று தனியாக ஒரு சொற்பொழிவா?” என்று அழைப்பிதழைப் பார்த்த ஒருவர் என்னிடமே கேட்டார். கேட்டது நியாயம்தான். இன்ஜின் ஆயிலைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு இருக்கிறது. ஐயாயிரத்தில் மாற்றுவதா, பத்தாயிரத்தில் மாற்றுவதா, எந்தக் கம்பெனி, எந்த கிரேடு என்று டீக்கடையில்கூடச் சண்டை நடக்கிறது. கியர் பெட்டிக்குள் கிடக்கிற இரண்டு இரண்டரை லிட்டரை ஒருவரும் நினைப்பதில்லை. நினைக்கிற நாள் வந்தாலும், கடைக்குப் போய் “சிந்தெடிக்கா, இருக்கறதுலயே டாப்பா ஒண்ணு குடுங்க” என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. அந்த “இருக்கறதுலயே டாப்பா” மேல்தான் இன்றைக்கு என் வழக்கு. கியர் ஆயில் டப்பாவில் பெரிய எண் போட்டிருந்தால் நல்ல எண்ணெய் என்று நினைத்து வாங்கி, நன்றாக இருந்த கியர் பெட்டியைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அதிகக் காசு கொடுத்து.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். “கியர் மாத்தறேன்” என்று சொல்கிறோம். ஆனால் இன்றைய மேனுவல் கியர் பெட்டியில் பல்சக்கரங்கள் இடம் மாறுவதே இல்லை. முன்னோக்கிப் போகும் ஐந்து கியர்களின் ஜோடிகளும் எந்நேரமும் பல்லோடு பல் பொருந்திச் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் ஷாஃப்டின் மேல் பிடிப்பில்லாமல் சும்மா சுழலும். நீங்கள் கியர் லீவரை நகர்த்தும்போது உள்ளே ஒரு ஸ்லீவ் நகர்ந்து, சும்மா சுழலும் சக்கரங்களில் ஒன்றை ஷாஃப்டோடு பூட்டுகிறது. அவ்வளவுதான்.

பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். இல்லாவிட்டால் பல்லோடு பல் முட்டிக் ‘கர்ர்’ என்று கத்தும். ஒரு கணக்குப் போடுவோம். இரண்டாவது கியரின் விகிதம் 1.9, மூன்றாவது கியரின் விகிதம் 1.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது கிளட்ச்சை மிதித்து மூன்றாவதுக்குத் தள்ளுகிறீர்கள். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இன்புட் ஷாஃப்டும், அதோடு ஒட்டிய கிளட்ச் தட்டும் 3000 சுற்றிலிருந்து ஏறக்குறைய 2050 சுற்றுக்கு இறங்கி வரவேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் 950 சுற்றைக் குறைப்பது யார்? பெரும்பாலான கார்களில் பித்தளையால் ஆன ஒரு சின்ன வளையம். சின்க்ரோ ரிங் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். ஓடும் பஸ்ஸில் ஏறத் தெரிந்தவர், முதலில் பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, வேகம் ஒத்துவந்த பிறகுதான் கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைப்பார். அந்த நாலு எட்டு ஓட்டம்தான் சின்க்ரோ ரிங்கின் வேலை.

அந்த வளையம் எப்படி வேகத்தைக் குறைக்கிறது? உரசித்தான். அதன் உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும். கியரின் பக்கத்தில் அதற்குப் பொருந்துகிற இன்னொரு கூம்பு. ஒன்று இன்னொன்றின் மேல் அழுந்தி பிரேக் பிடிக்கிறது. புதிய சின்க்ரோ ரிங் ஒன்றைக் கையில் வாங்கி உட்புறத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஸ்க்ரூவின் மரை போல மிக நெருக்கமாகக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளின் கூரான முனைகள், இடையில் நிற்கும் எண்ணெய்ப் படலத்தை அறுத்து விலக்குவதற்காக வெட்டப்பட்டவை. படலம் விலகினால்தான் உலோகம் உலோகத்தைப் பிடிக்கும். பிடித்தால்தான் கியர் விழும்.

இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. பல்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே எண்ணெய் வழுக்க வேண்டும், படலம் அறுபடவே கூடாது. அதே பெட்டியில், அதே எண்ணெயில், நாலு விரற்கடை தள்ளி இருக்கும் சின்க்ரோ ரிங்கில் எண்ணெய் ஒதுங்கிப் பிடி கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே திரவம் செய்தாக வேண்டும். கியர் ஆயில் தேர்வில் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் இதுதான். “எவ்வளவு வழுக்குமோ அவ்வளவு நல்லது” என்று நினைக்கிறவர் பெட்டியில் பாதியைத்தான் பார்க்கிறார்.

சின்க்ரோ வருவதற்கு முன்பு இந்தச் சங்கடம் இல்லை. ஓட்டுநர்தான் வேகத்தை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு ஆக்ஸிலரேட்டர், மறுபடி கிளட்ச் மிதித்துக் கியர். பழைய லாரி ஓட்டிய அண்ணன்மார்களுக்கு இது கால் பழக்கம். 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கம்பெனி, ஏர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளரின் வடிவமைப்பை வைத்து, 1929 மாடல் கார்களில் சின்க்ரோ கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து எண்ணெய்க்கு இந்த இரட்டை வேலை.

ஏறக்குறைய அதே காலத்தில் காரின் பின்பக்கத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. பின்னச்சில் இருக்கும் கிரவுன்-பினியன் எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் பினியனின் அச்சு கிரவுன் சக்கரத்தின் நடு மையத்தை நோக்கியே இருக்கும். 1920களின் நடுவில் கிளீசன் என்ற அமெரிக்க இயந்திரக் கம்பெனி, பினியனை மையத்திலிருந்து கீழே தள்ளி வைக்கிற ஹைப்பாய்டு வகைப் பல் வெட்டும் முறையைக் கொண்டுவந்தது. பாக்கார்ட் கார்கள் அதை எடுத்துக்கொண்டன. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. பல்லும் பலமானது. ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பல்சக்கரத்தில் பல் பல்லின் மேல் பெரும்பாலும் உருளும். ஹைப்பாய்டில் பல் பல்லின் மேல் நெடுக வழுக்கிக்கொண்டே அழுத்தும். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் வெறும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்பும் இரும்பும் ஒட்டிக் கிழியும்.

அதற்கு வேதியியல்தான் வழி சொன்னது. எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களைக் கரைத்து வைப்பார்கள். சாதாரணச் சூட்டில் அவை பெரும்பாலும் சும்மா இருக்கும். பல் பல்லை அழுத்தி, அந்தப் புள்ளி கொதிக்கும்போது, கந்தகம் விடுபட்டு இரும்போடு சேர்ந்து மெல்லிய சல்பைடுப் படலம் ஒன்றை உண்டாக்கும். அடுத்த உரசலில் தேய்வது அந்தப் படலம், பல் அல்ல. தேய்ந்தால் மறுபடி படியும். உயர் அழுத்தச் சேர்ப்பு என்று இதற்குப் பெயர். ‘ஈ.பி.’ என்று டப்பாவில் போட்டிருப்பது இதைத்தான். கியர் ஆயில் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைச் சுளிக்க வைக்கிற அந்த நெடி இருக்கிறதே, அது இந்தக் கந்தகத்தின் நெடிதான். கையில் பட்டால் சோப்புப் போட்டும் சாயங்காலம் வரை போகாது.

இடையில் ஒரு சின்னச் செய்தி. இந்தக் கந்தகத்தைச் சுமப்பதற்கு ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். அந்த எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிய பொருள் கியர் ஆயில்களிலும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எண்ணெய்களிலும் போனது. அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை என்றே பொறியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் இனப் பட்டியலில் சேர்த்து இறக்குமதிக்குக் கதவடைத்த பிறகு, வேறு வழியில்லாமல் வேதியியலாளர்கள் மாற்றுப் பொருட்களைச் செய்து காட்டினார்கள். ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் விதை எண்ணெய்கூட அந்தத் தேடலில்தான் மவுசு பெற்றது. கதவடைத்தால் வழி பிறக்கும் போலிருக்கிறது.

சரி, டப்பாவில் போட்டிருக்கும் ‘ஜி.எல்.’ எண்ணுக்கு வருவோம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அதாவது ஏ.பி.ஐ., கியர் எண்ணெய்களை ஜி.எல்-1 முதல் ஜி.எல்-6 வரை பிரித்தது. இவற்றில் 2, 3, 6 மூன்றும் வழக்கொழிந்துவிட்டன. நம் கார்களைப் பொறுத்தவரை மீதம் இருப்பது ஜி.எல்-4, ஜி.எல்-5. இந்த எண்களைப் பள்ளிக்கூட வகுப்பு மாதிரி, நாலு பாஸ் செய்தால் ஐந்து, என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜி.எல்-5 என்பது ஹைப்பாய்டு பின்னச்சுக்காக, அதிர்ச்சியான சுமையைத் தாங்குவதற்காக எழுதப்பட்ட தரம். ஜி.எல்-4 மிதமான சுமைக்கு. சேர்ப்புப் பொருள் ஜி.எல்-4இல் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். கேட்டவுடன் “அப்ப அஞ்சுதான் நல்லது” என்று தோன்றும். பின்னச்சுக்கு நல்லதுதான். நம் பெட்டியில் பித்தளை வளையம் இருக்கிறதே!

பித்தளையில் பெரும்பகுதி செம்பு. செம்புக்கும் கந்தகத்துக்கும் உள்ள உறவு வேறு மாதிரியானது. சூடான எண்ணெயில் துடிப்போடு இருக்கும் கந்தகம் செம்பைக் கறுக்க வைத்து மெல்ல அரிக்கும். வளையத்தில் அந்தக் கூரான கோடுகள் இருந்தன அல்லவா? அவை மழுங்கினால் எண்ணெய்ப் படலத்தை அறுக்க முடியாது. கியர் விழத் தயங்கும், பிறகு கடிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. அதிகச் சேர்ப்பு உள்ள எண்ணெய் கூம்புகளின் மேல் உரசலைக் குறைத்துவிடும். அரிப்பே இல்லாவிட்டாலும், வளையம் வழுக்கிக்கொண்டு நிற்கும். என் கணக்கில் இந்த இரண்டாவது தொல்லைதான் இன்றைக்கு அதிகம். ஏனென்றால் இன்றைய நல்ல ஜி.எல்-5 எண்ணெய்களில் செம்பைக் காக்கும் பொருளும் சேர்க்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய அரிப்பு இப்போது இல்லை. “ஜி.எல்-5 ஊத்தினா பித்தளை கரைஞ்சே போயிடும்” என்று பயமுறுத்துகிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள்.

இந்த அரிப்பைச் சோதிக்க ஒரு எளிய பரிசோதனை உண்டு. பளபளப்பாகத் தேய்த்த செம்புப் பட்டை ஒன்றை எண்ணெயில் மூழ்கவைத்து, கியர் எண்ணெய் என்றால் வழக்கமாக 121 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைத்திருந்து எடுப்பார்கள். அது எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்பதை ஒரு நிற அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 4 வரை எண் கொடுப்பார்கள். 1 என்றால் லேசாக மங்கல். 4 என்றால் கரிக்கட்டை. ஜி.எல்-5 எண்ணெய் 3 வரைக்கும் போகலாம் என்று விட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் தங்கள் எண்ணெயின் தகவல் தாளில் இந்த எண்ணைப் போட்டிருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். கியர் பெட்டிக்கு 1 இருந்தால் நிம்மதி. ஆனால் இந்தச் சோதனை கறை படிவதை மட்டும்தான் சொல்லும். கூம்பு பிடிக்குமா வழுக்குமா என்று சொல்லாது. ஜி.எல்-4 என்ற முத்திரையும் அதைச் சொல்லாது, சின்க்ரோவுக்கென்று அதில் தனிச் சோதனை கிடையாது. அதனால்தான் கார் கம்பெனிகள் தங்களுக்கென்று தனித் தரம் எழுதிக்கொள்கின்றன. மெர்சிடிஸின் 235.10, கியர் பெட்டி செய்யும் இசட்.எஃப். கம்பெனியின் டி.ஈ.-எம்.எல். 02, ஹோண்டாவின் எம்.டி.எஃப். எல்லாம் அந்த வகை. உங்கள் காரின் கையேட்டில் அப்படி ஒரு தரம் சொல்லியிருந்தால், அதுதான் முதலில். மற்றதெல்லாம் பிறகு.

எந்தக் காருக்கு எது? நம் தெருவில் ஓடும் கார்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ மாதிரி இன்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை ஓட்டுகிற கார்களில், கியர் பெட்டியும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் ஒரே எண்ணெயில் கிடக்கின்றன. அங்கே ஹைப்பாய்டு கிடையாது. கடைசிப் பல்சக்கர ஜோடியும் கியர் பெட்டியில் இருப்பது போன்ற சாய்பல் வகைதான். ஜி.எல்-5இன் பலம் அங்கே தேவையே இல்லை. ஆம்னி, பொலிரோ, இன்னோவா மாதிரி பின்சக்கரத்தை ஓட்டுகிற வண்டிகளில் கியர் பெட்டி தனி, பின்னச்சு தனி. இரண்டுக்கும் இரண்டு வேறு எண்ணெய். பின்னச்சுக்கு ஜி.எல்-5, கியர் பெட்டிக்கு ஜி.எல்-4 வகை என்பது பொது வழக்கம். நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு அஞ்சு லிட்டர் கேன் ‘தொண்ணூறு ஆயில்’ உடைக்கிறார்கள், பின்னால் ஊற்றுகிறார்கள், மீதியைக் கேனோடு முன்னால் ஊற்றுகிறார்கள். பின்வரிசையில் நிற்கும் ஒர்க்‌ஷாப் தம்பிகள் சிரிக்கிறீர்கள். சிரிப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் சுபாரு கார்களில் இன்ஜின் நெடுக்கு வாட்டில் இருக்கும். கியர் பெட்டிக்கூட்டுக்குள்ளேயே ஹைப்பாய்டு பல்லும் இருக்கும். அவர்களே ஜி.எல்-5 போடச் சொல்கிறார்கள், சின்க்ரோவையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பழைய மஸ்டாங்கில் வந்த போர்க்-வார்னர் டி-5 மேனுவல் கியர் பெட்டிக்கு ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் இன்ஜினும் கியரும் ஒரே எண்ணெயைப் பங்குபோட்டுக்கொண்டன. நம் பைக்குகளில் இன்றும் அப்படித்தான். ஆகவே “கியர் பெட்டி என்றால் இதுதான்” என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

இப்போது சிந்தெடிக். இந்தச் சொல் எண்ணெயின் அடிப்படைத் திரவத்தைப் பற்றியது. இவ்வளவு நேரம் நாம் பேசிய கந்தகம், பித்தளை, பிடிப்பு எல்லாம் சேர்ப்புப் பொருளைப் பற்றியவை. சிந்தெடிக் ஜி.எல்-5 எண்ணெய் சிந்தெடிக் ஆனதனாலேயே பித்தளை வளையத்துக்கு ஏற்றதாகிவிடாது. இதை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும்.

அடிப்படைத் திரவத்தை ஏ.பி.ஐ. ஐந்து குழுக்களாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் வழக்கமான கனிம எண்ணெய். மூன்றாவது, கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து, மூலக்கூறுகளையே மாற்றியமைத்தது. நான்காவது பி.ஏ.ஓ., ஆலையில் கட்டி எழுப்பிய செயற்கைத் திரவம். எஸ்டர் முதலியவை ஐந்தாவது. மூன்றாவது குழுவை சிந்தெடிக் என்று சொல்லலாமா? 1990களின் இறுதியில் இதற்கு அமெரிக்காவில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. காஸ்ட்ரால் தன் சின்டெக் எண்ணெயை மூன்றாம் குழுவுக்கு மாற்றியபோது, மொபில் விளம்பர ஒழுங்கு அமைப்பில் புகார் செய்தது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அதிலிருந்து டப்பாவில் ‘சிந்தெடிக்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது மூன்றாவதாகவும் இருக்கலாம், நான்காவதாகவும் இருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மூன்றாம் குழு நல்ல எண்ணெய்தான். ஆனால் ஒரே சொல்லுக்கு இரண்டு டப்பாவில் இரண்டு விலை ஏன் என்று வியப்பவர்களுக்கு இதுதான் விடை.

நம் ஊர் வெயிலுக்கு சிந்தெடிக் என்ன செய்யும்? 75டபிள்யூ-90 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முன்பாதி குளிரைப் பற்றியது. 75டபிள்யூ என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் எவ்வளவு இறுகலாம் என்ற கணக்கு. ஊட்டியில் ஜனவரியில் புல்மேல் உறைபனி படிந்தாலும் அந்தப் பக்கம் போகாது. பின்பாதி 100 டிகிரி சூட்டில் 13.5க்குக் குறையாமல், 18.5ஐத் தொடாமல் பாகுநிலை இருக்க வேண்டும் என்கிறது. இந்த 90ஐ இன்ஜின் ஆயிலின் 40, 50 எண்களோடு ஒப்பிட்டு “அடேயப்பா, எவ்வளவு கெட்டி” என்று மலைக்க வேண்டாம். அளவுகோல் வேறு. சூட்டில் அது ஏறக்குறைய 40, 50 இன்ஜின் ஆயிலின் பதம்தான்.

“அப்படியானால் குளிர்நாட்டு எண் நமக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். சூடேறிய பிறகு ஒரே பதத்தில் இருக்கும் இரண்டு எண்ணெய்கள் காலையில் ஒரே பதத்தில் இருப்பதில்லை. 40 டிகிரியில் பழைய கனிமத் தொண்ணூறு ஆயிலின் பாகுநிலை ஏறத்தாழ 190 இருக்கும். நல்ல சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஏறத்தாழ 100தான் இருக்கும். பாதி! காலையில் வண்டியை எடுத்து முதல் முக்கில் இரண்டாவது கியருக்குத் தள்ளும்போது கைக்குத் தெரிகிற வித்தியாசம் இதுதான். அடுத்தது, அறுபடாமை. கனிம எண்ணெயைச் சூட்டில் நீர்த்துப் போகாமல் வைக்க நீண்ட பாலிமர் மூலக்கூறுகளைக் கலப்பார்கள். பல்சக்கரங்கள் அவற்றை வெட்டித் துண்டாக்கிவிடும். எண்ணெய் நாளாக நாளாக நீர்த்துப் போகும். பி.ஏ.ஓ.வுக்கு இயல்பிலேயே அந்தக் குணம் இருப்பதால் பாலிமர் குறைவாகப் போதும். மூன்றாவது, சூட்டில் கெடாமை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டிலும் மூன்றிலும் மாறிமாறிப் போகிற காரின் கியர் பெட்டியைக் கீழே படுத்துத் தொட்டுப் பாருங்கள். கையை எடுத்துவிடுவீர்கள். கனிம எண்ணெய் அந்தச் சூட்டில் சீக்கிரம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும். சிந்தெடிக் நின்று தாங்கும்.

மலைப்பக்கம் அதிகம் போகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், காலையில் கியர் கெட்டியாக இருக்கிறது என்று சலிப்பவர் சிந்தெடிக் போடுவது நியாயமான செலவு. வாரத்துக்கு ஒருமுறை மார்க்கெட் போய்வருகிற காருக்கு, கையேடு சொல்கிற சாதாரண எண்ணெயைச் சரியான காலத்தில் மாற்றினாலே போதும் என்பது என் அபிப்பிராயம். கையேட்டில் 75டபிள்யூ-80 என்று போட்டிருந்தால் “நம்ம ஊரு வெயிலு” என்று சொல்லி 90க்குத் தாவ வேண்டாம். அந்தப் பெட்டியின் பேரிங்கும் சின்க்ரோவும் மெல்லிய எண்ணெய்க்காகவே கணக்குப் போட்டவை.

டப்பாவை வாங்கும்போது முன்பக்கத்துப் பளபளப்பை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கையேடு சொன்ன தரம் இருக்கிறதா? இல்லையென்றால் ஜி.எல்-4 என்று மட்டும் இருக்கிறதா? ‘ஜி.எல்-4 / ஜி.எல்-5’ என்று இரண்டும் போட்ட டப்பாக்கள் வருகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் சின்க்ரோ பெட்டிக்கு ஏற்றது என்று கம்பெனியே எழுத்தில் சொல்லியிருந்தால்தான் நான் தொடுவேன். ‘எல்.எஸ்.’ என்று இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அது ஒருவகை டிஃபரென்ஷியலின் கிளட்ச் தட்டுகளுக்காக வழுக்கலைக் கூட்டிச் செய்தது.

எண்ணெய் மாற்றுவதற்கு முன் குற்றம் எண்ணெயுடையதுதானா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் எல்லாமே முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை. எண்ணெய் பாவம். ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, கடித்தால் அந்த சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. எந்த எண்ணெயும் தேய்ந்ததை வளர்க்காது. காலையில் மட்டும் எல்லாம் கெட்டி, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றால்தான் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். ரிவர்ஸ் மட்டும் கத்தினால் பதற வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோவே கிடையாது. கிளட்ச் மிதித்து இரண்டு நொடி பொறுத்துப் போடுங்கள்.

மாற்றும் முறையில் ஒன்றே ஒன்று. எண்ணெய் ஊற்றுகிற பிளக் கழன்று வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கிற பிளக்கைத் தொட வேண்டும். வடித்துவிட்டு, மேலே உள்ளது துருப்பிடித்து வராவிட்டால், காரை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மை மாதிரி கறுப்பு விழுது இருந்தால் இயல்பான தேய்மானம். துடைத்துவிடலாம். துண்டு துண்டாக இரும்பு இருந்தால் கவனிக்க வேண்டும். வடித்த எண்ணெயை வெயிலில் வைத்துப் பாருங்கள். பொன் துகள் போல மினுமினுத்தால் அது பித்தளை. வளையம் பேசுகிறது.

மேடைக்கு வந்த சீட்டுகள் மூன்று இருக்கின்றன.

“லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, கியர் ஆயிலை மாற்றியதே இல்லை, இப்போது சிந்தெடிக் போட்டால் லீக் ஆகுமா?” சிந்தெடிக் சீலைத் தின்னாது. ஆனால் இறுகிப்போன பழைய சீலில், காலையில் பாதிப் பதத்தில் இருக்கும் எண்ணெய் வழி கண்டுபிடிக்கலாம். கசிந்தால் சீலை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. எண்ணெயை மட்டும் இந்த மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய எண்ணெய் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

“டெஃப்ளான், மாலிப்டினம் என்று தனியாக ஒரு குப்பி விற்கிறார்களே, சேர்க்கலாமா?” இவ்வளவு நேரம் பிடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வேண்டாம்.

“என் கார் ஏ.எம்.டி., கிளட்ச் பெடலே இல்லை. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?” பொருந்தும். 2014இல் செலேரியோவோடு இந்தியாவில் பரவலான அந்த ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பது இதே மேனுவல் பெட்டி, இதே சின்க்ரோ. கிளட்ச்சையும் லீவரையும் உங்களுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கருவிக்குச் சின்னத் தொட்டி ஒன்றில் வேறு எண்ணெய் இருக்கும். கியர் ஆயில் மாற்றும்போது இரண்டும் தனித்தனி என்று மெக்கானிக்கிடம் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.